இரண்டே தடவை கூப்பிட்ட மைனா

அம்மா இறந்து சில மாதங்கள் கழித்து, ஒரு விடிகாலையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருமினாள். சின்னதாக இரண்டு இருமல், மூச்சை இழுத்து ஒரு பெரிய இருமல், பிறகு தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். படுக்கையில் கிடந்த கடைசிக் காலத்தில் அவள் இருமிய அதே வரிசை. நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன். அடுத்த அறையில் அப்பாவின் கட்டில் கிரீச்சிட்டது. அவர் அரைத் தூக்கத்தில் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் யாருக்குப் போடுகிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நான் எட்டிப் பார்த்தபோது கையில் தீப்பெட்டியோடு கூண்டைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

இருமியது மைனா.

மலாய்க்காரர்கள் தியோங் என்று சொல்லும் மலை மைனா அது. உடம்பெல்லாம் கறுப்பு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோலாக ஒரு மடிப்பு. அம்மாவின் தம்பி, என் மாமா, உலு யாம் பக்கம் காட்டோரத்தில் வேலை செய்தார். அவர்தான் குஞ்சாக ஒரு சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். எண்பதுகள் தொடங்கியிருந்த காலம். மலேசியாவில், கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி ஆற்றோரமாக இருந்த ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் நாங்கள் இருந்தோம். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். நான் ஒரே பிள்ளை. பள்ளியில் ஐந்தாம் படிவம்வரை முடித்துவிட்டு டவுனில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டிருந்தேன் என்றால் நிஜமாகவே நின்றேன். உட்கார்ந்தால் முதலாளிக்குப் பிடிக்காது.

அம்மாவுக்குத் தோட்டத்திலேயே பெரிய தொண்டை. பின்வாசலில் நின்று "பாப்பா" என்று ஒரு குரல். கொஞ்சம் விட்டு, "ஏ... பாப்பா" என்று இழுத்து இன்னொரு குரல். அவ்வளவுதான். இரண்டாவது குரல் முடிவதற்குள் நான் எந்த மூலையில் இருந்தாலும் "என்னம்மா" என்று சொல்லிவிட வேண்டும். மூன்றாவது குரலுக்கு வேலை வைத்தால் விளக்குமாறு பேசும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த மூன்றாவது குரலை நான் கேட்டதே இல்லை. கூண்டு பின்வாசல் உத்திரத்தில்தான் தொங்கியது. கேட்டுக் கேட்டு மைனாவும் அதே குரலில், அதே இழுப்பில், இரண்டு தடவை கூப்பிடக் கற்றுக்கொண்டது. நான் ஏமாந்து "என்னம்மா" என்று ஓடிவந்தால் அம்மா விழுந்து விழுந்து சிரித்து, அதற்கு ஒரு துண்டு வாழைப்பழம் கொடுப்பாள். கூப்பிட்டால் பதில் வரும், பதில் வந்தால் பழம் வரும் என்பது அதன் கணக்கு.

அம்மா போன பிறகு அது வாயே திறக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதைப் பார்த்து, வாயில்லா ஜீவனுக்கும் தெரிகிறது பார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த இருமலுக்குப் பிறகு ஓரிரு நாளில் கூப்பிடவும் ஆரம்பித்துவிட்டது.

அம்மாவின் போட்டோ எங்களிடம் நான்கைந்து இருந்தது. குரல் எதிலும் இல்லை. உயிரோடு இருப்பவளின் குரலைக் கேசட்டில் பிடித்து வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அப்பாவுக்கு அந்தப் பறவையின் தொண்டையில் மட்டும்தான் மனைவி மிச்சமிருந்தாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கூண்டுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். அதற்கு முன்பு சில மாதங்களாக அவர் சாப்பிட்டதைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. மைனா "பாப்பா" என்றால் என்னை நிமிர்ந்து பார்ப்பார். நான் பதில் சொல்லாவிட்டால் அது பேசுவதை நிறுத்திவிடுமோ என்று அவருக்குப் பயம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. கண்ணாடி முன் நின்று தலை சீவும்போது முதுகுக்குப் பின்னால் செத்துப்போன அம்மா கூப்பிட்டால், பறவைதான் என்று அறிவுக்குத் தெரிந்தாலும் முதுகுக்குத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டு அத்தைக்கும் அதே பயம். உறவில்லை, லயத்தில் எல்லாரும் அத்தைதான். ஆனால் இந்த அத்தை அம்மாவோடு ஒரே நிரையில் புல் வெட்டியவள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான், அதுவும் கூரைவரை எட்டாது. அங்கே வெங்காயம் வதக்கினால் இங்கே தும்மல் வரும். செத்தவள் குரல் வீட்டுக்குள் இருக்கக் கூடாது, அதைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுங்கள் என்று அவள் அப்பாவிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தாள். அப்பா கேட்டுக்கொண்டார். பதிலாக ஒரு புதுப் பூட்டுக் கம்பி வாங்கிவந்து கூண்டுக் கதவில் மாட்டினார்.

கடைசியில் அது போனது கூண்டுக் கதவு வழியாக இல்லை. அம்மா அதன் ஒரு பக்க இறக்கையில் நீளச் சிறகுகளைக் கத்தரித்து வைத்திருந்தாள். வெட்டியது வெட்டியதுதான் என்று நானும் அப்பாவும் நினைத்திருந்தோம். அது நகம் மாதிரி, கொட்டிக் கொட்டி முளைக்கும், அடிக்கடி இறக்கையை விரித்துப் பார்த்துக் கத்தரிக்க வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டுப் போக அவளுக்கு அவகாசம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா லோரியைக் கழுவிவிட்டு, எப்போதும் போல அதை வெளியே எடுத்து முன்பக்கத்து மூடியின் மேல் நடக்கவிட்டார். அது இரண்டு எட்டு நடந்தது. பிறகு நடப்பது போலவே காற்றில் ஏறிவிட்டது. சாலைக்கு அந்தப் பக்கம், கம்பம் என்று நாங்கள் சொல்லும் மலாய்க் கிராமத்துத் தென்னைகளுக்கு மேலாகப் போனதை அப்பா பார்த்தார். கையில் ஈரத் துணியோடு சாலைவரை ஓடினார். நாற்பத்தைந்து வயது மனிதர் அப்படி ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தேடல். விடிவதற்கு முன் சைக்கிளில் கம்பத்துக்குப் போய், வேலை முடிந்ததும் மறுபடி போய், ஒவ்வொரு மாமரத்தையும் ரம்புத்தான் மரத்தையும் அண்ணாந்து பார்த்து வருவார். மோட்டார்சைக்கிளில் மீன் விற்க வரும் மலாய்க்காரர் ஒருவர் வீட்டில் நிறையப் பறவை வளர்த்தார். அவரிடம் அப்பா யோசனை கேட்டார். துரத்திக்கொண்டு திரியாதே, பழைய இடத்திலேயே கூண்டைத் திறந்து தொங்கவிட்டு, அது விரும்பித் தின்பதை வை என்றார் அவர். கையில் வளர்ந்த பறவைக்குக் காட்டில் ஜாதிக்காரர்கள் கிடையாது, மனிதர் பேசும் இடத்தில்தான் போய் உட்காரும். ஆகவே பார்த்தீர்களா என்று கேட்காதே, சத்தம் கேட்டீர்களா என்று கேள். அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கம்பம் முழுக்கக் கேட்டார், சாலையோரத்தில் தமிழ் முஸ்லிம் நடத்திய மாமாக் சாப்பாட்டுக் கடையில் சொல்லி வைத்தார், கடைசியில் லயத்திலும் வீடு வீடாகப் போய் மைனா சத்தம் கேட்டீர்களா என்று கேட்டார்.

லயத்தில் எல்லாரும் இல்லை என்றார்கள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். பொய் என்றும் சொல்ல முடியாது. மைனாவின் சத்தத்தை அவர்களில் யாரும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் லயமே வேறு மாதிரி ஆகிவிட்டது. சாலைச் சந்திப்பில் பஸ்ஸிலிருந்து இறங்கி நான் செம்பனைக்குள் நடந்து வரும்போது, முன்னால் போகும் பெண்கள் பேசிக்கொண்டே போவார்கள். நான் நெருங்கியதும் பேச்சு நின்றுவிடும். யாராவது ஒருத்தி வெயிலைப் பற்றி ஏதாவது சொல்வாள், அந்நேரத்தில் வெயிலே இருக்காது. வீட்டு நிலைகளில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் தொங்கின. திருவிழா எதுவும் இல்லையே என்று கேட்டேன், சும்மாதான் என்றார்கள். அத்தை தினமும் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, என் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள். பறவை காணாமல் போனதற்கு இவ்வளவு உபசாரமா என்று எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அத்தையின் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கதவு சாத்தியிருந்தது. "அத்த" என்று கூப்பிட்டேன். உள்ளே கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். உள்ளே ஆள் மூச்சுவிடுவது எனக்குக் கேட்கிறது, பதில் மட்டும் வரவில்லை. கோபம் வந்து மூன்றாவதாகக் கத்தினேன். உடனே, கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தது போல, "ஏம்மா, வா வா" என்று கதவு திறந்தது. அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். பொழுது சாய்ந்துவிட்டால் எந்த வீட்டிலும் என் முதல் குரலுக்கும் இரண்டாவது குரலுக்கும் ஆள் இல்லை. பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது, மூன்றாவதாகக் கூப்பிட்டால்தான் மனிதர், அப்போதுதான் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். சின்ன வயதில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள், வளர்ந்ததும் எல்லாரும் அதைக் கேலி செய்வார்கள். இப்போது என்னை வைத்தே எண்ணத் தொடங்கியிருந்தார்கள். என் குரலில் அம்மாவின் சாயல் உண்டு என்று எல்லாரும் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் நான் வாயைத் திறக்கவில்லை. என் குரலுக்கே எனக்குப் பயம் வந்துவிட்டது.

அப்பா இளைத்துக்கொண்டே போனார். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் காலிக் கூண்டுக்குக் கீழே உட்காருவார், சோற்றைப் பிசைவார், அப்படியே எழுந்துவிடுவார். ஒரு நாள் என்னிடம், அம்மா எப்படி இழுப்பாள், "ஏ" என்பதையா "பாப்பா" என்பதையா என்று கேட்டார். நான் சொல்லிக் காட்டினேன். அப்படி இல்லை என்றார். வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். அதுவும் இல்லை. எது சரி என்று அவருக்கும் நினைவுக்கு வரவில்லை. இப்பவே மறந்து போச்சு பாரேன் என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அத்தை அம்மாவின் சேலையைக் கேட்டு வந்தது அதற்கு மறுநாள். அம்மா கட்டிய பழைய சேலை ஒன்று இருந்தால் வேண்டும், நூல் சேலையாக இருந்தால் நல்லது என்றாள். எதற்கு என்றேன். மகள் வயிற்றுப் பேரனுக்கு ஏணை கட்ட என்றாள். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். பிறந்த குழந்தைக்குப் பழைய சேலையில் ஏணை கட்டுவது சரிதான். ஆனால் ஆயுள் முடியாமல் போனவளின் சேலையிலா கட்டுவார்கள்? உலகத்தில் எந்தத் தமிழச்சி கேட்பாள் அதை? நான் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டேன். உண்மையைச் சொன்னால் சேலை, இல்லாவிட்டால் இல்லை என்றேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்தான்.

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்கம்மா நடக்குறாடி" என்றாள். "ஆத்தோரத்துப் பழைய காட்டுல. எல்லாருக்கும் தெரியும். ஒனக்கும் ஒங்கப்பனுக்கும் மட்டும் சொல்ல வேணாம்னு கட்டுப்பாடு."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஆற்றோரத்துச் செம்பனைகள் தோட்டத்திலேயே மூத்தவை. உச்சி மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பகலிலேயே அங்கே பாதி இருட்டு. புல் வெட்டப் போன பெண்கள் முதலில் இருமலைக் கேட்டிருக்கிறார்கள். அந்த இருமலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய லயம் அது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு பிள்ளையைக் கூப்பிடும் குரல். இரண்டே தடவை. ஒரு நாள்கூட மூன்றாவது தடவை இல்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோரே கேட்டுவிட்டு வேலையை வேறு பக்கம் மாற்றிவிட்டார். கூப்பிடும்போதெல்லாம் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பதில் சொல்லாதே என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பசியோடு திரிகிறாளோ என்று மனசு கேட்காமல் அத்தைதான் காட்டோரத்தில் ஒரு இலையில் வெற்றிலையும் பழமும் வைத்து வந்திருக்கிறாள். வெற்றிலை அப்படியே கிடக்கும், பழம் மட்டும் காணாமல் போய்விடும். வருகிற வெள்ளிக்கிழமை பூசாரி வந்து உடுக்கையடித்து, பட்டாசு வெடித்து, அவள் கட்டிய சேலையைச் சுற்றி ஒரு மரத்தில் ஆணி அறைந்து அவளை அங்கேயே நிறுத்திவிடுவதாக ஏற்பாடு.

பழம் என்றதும் எனக்குப் பிடிபட்டது. மைனா என்று வாய்விட்டுச் சொன்னேன். அத்தை நம்பவில்லை. அவள் கண்ணில் நான் அம்மாவைக் காப்பாற்றப் பொய் சொல்லும் மகள். எனக்கு வெள்ளிக்கிழமைதான் மனசில் ஓடியது. உடுக்கையும் பட்டாசும் கிளம்பினால் அது ஆற்றைத் தாண்டிப் பறந்துவிடும். பிறகு அப்பா எந்த ஊரில் போய்த் தேடுவார்?

அப்பா லோரியை நிறுத்திவிட்டு வந்ததும் வாசலிலேயே சொன்னேன். ஆற்றோரக் காட்டில் அம்மாவின் குரல் கேட்கிறதாம் என்று தொடங்கினேன், அது தப்பு. அவர் முகம் ஒரு கணம் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது. "ஒங்கம்மாவா?" என்றார். இறந்தவளை ஆற்றங்கரையில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நம்பத் தயாராக இருந்த முகம் அது. அது மைனாதாம்ப்பா என்றேன். "ஆமா, மைனா, மைனா" என்று தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்க் கூண்டை இறக்கினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, காட்டுக்குள் இல்லை. நுழையும் இடத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். அப்பா அதைக் குனிந்து தாண்டினார், நானும் தாண்டினேன். மரமெல்லாம் பெரணிச் செடி படர்ந்து, வெட்டிப் போட்ட மட்டைகள் அழுகி, காலடியில் தரை மெத்து மெத்தென்று அமுங்கியது. காற்று இல்லை. ஆற்றுப் பக்கமிருந்து சேற்று வாடை வந்தது. அத்தையின் இலை ஒரு வேரடியில் இருந்தது, வெற்றிலை வாடிக் கிடந்தது, பழத்தைக் காணோம். அப்பா கூண்டை அதன் பக்கத்தில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

முதலில் இருமல் கேட்டது. சின்னதாக இரண்டு, பெரியதாக ஒன்று, செருமல். இடது பக்கம், காட்டின் உள்ளே. பறவைதான் என்று தெரிந்துதான் வந்திருந்தேன், ஆனாலும் அப்பாவின் பக்கம் ஒட்டி நின்றுகொண்டேன். வீட்டுக்குள் கேட்ட இருமல் வேறு. இங்கே அது மரத்துக்கு மரம் ஆள் உயரத்தில் நடந்து வந்தது. அப்பா இருட்டைப் பார்த்து மெதுவாக, "வெந்நி வேணுமா?" என்றார்.

பிறகு அம்மா கூப்பிட்டாள்.

"பாப்பா."

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதில் சொன்னால் பறவை வரும், அதற்குத்தான் வந்திருக்கிறேன், ஆனால் வாய் வரவில்லை. சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தது எங்கே போகும்? இருட்டில் கூப்பிடுகிறாள், இரண்டு தடவைதான் கூப்பிடுவாள், வாயைத் திறக்காதே என்று என் ரத்தமே எனக்குச் சொன்னது. "ஏ... பாப்பா" என்று இரண்டாவது குரலும் வந்தது. இழுப்பு "ஏ"யில் இருந்தது. அப்பா என் கையைப் பிடித்தார்.

"ஒன்னத்தான் கூப்புடுறா தாயி. பதில் சொல்லு."

கூப்பிடுகிறது என்று சொல்லவில்லை, கூப்பிடுகிறாள் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு "என்னம்மா" என்றேன். அழுகையில் குரல் உடைந்து வந்தது. திடீரென்று எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, வலது பக்கமாக, இறக்கை அடித்துக்கொண்டு மைனா வந்து கூண்டின் மேல் உட்கார்ந்தது. குரல் கேட்டது இடது பக்கம். செம்பனைக் காட்டுக்குள் சத்தம் அப்படித்தான் சுற்றும் என்று அப்பா சொன்னார். அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன், திரும்பி இடது பக்கம் பார்க்கவில்லை. பழத்தைக் காட்டிக் கூண்டுக்குள் விட்டு, கதவில் கம்பியைச் சுற்றி, இருவரும் ஓடாத குறையாக வெளியே வந்தோம். அப்பா கூண்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். அன்று இரவே பறவையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு சிறகைக் கத்தரித்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதப் பிறப்பிலும் இறக்கையை விரித்துப் பார்ப்பது என் வேலையானது.

மறுநாள் லயம் முழுக்க வந்து கூண்டை எட்டிப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். பூசாரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். சிலர் எலுமிச்சம்பழத்தைக் கழற்றவில்லை, பறவை சரி, காட்டுக்குள் கேட்ட அந்த நடமாட்டம் என்ன என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். மைனா சில நாள் பேசவில்லை. அப்பா அவசரப்படவில்லை. தட்டை எடுத்துப்போய் அதன் கீழே உட்கார்ந்து, முழுச் சாப்பாடும் சாப்பிட்டார்.

பிறகு ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அது பேசியது. நான் அடுப்படியில் இருந்தேன், கையெல்லாம் மாவு. "பாப்பா" என்றது. "ஏ... பாப்பா" என்றது. கையைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அந்த இடைவெளியில், வேறு ஒரு குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு ரகசியமாகச் சொல்வது போல, அது சொன்னது:

"பதில் சொல்லாத. வாயத் தொறக்காத."

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அத்தை வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. காட்டில் அது கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கூப்பிட்டால் பதில் வரும் என்று பழகிய பறவை. அதற்கு அங்கே திரும்பத் திரும்பக் கிடைத்த பதில் இதுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மாவின் கையில் வாங்கித் தின்றவர்கள், அவள் பிரசவம் பார்த்தவர்கள், அவளோடு ஒரே நிரையில் குனிந்து நிமிர்ந்தவர்கள். அவள் குரல் கூப்பிட்டபோது எல்லாரும் சேர்ந்து இதைத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த ஆற்றோரத்தில் எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டதே என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அத்தை பின்வாசல் வழியாக வந்தாள். கையில் சாம்பல் நார் அப்படியே இருந்தது. கூண்டைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தாள்.

"அது ஏங் கொரலு" என்றாள். "எம் பேச்சுத்தான் அது. அத்தன நாளு கூப்புட்டா. ஒரு தடவ நான் என்னன்னு கேக்கல."

அப்பா அவளைத் திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. உட்காரு, சாப்பிட்டுப் போ என்றார்.

அந்த வாசகத்தை மறக்கடிக்க என்னென்னவோ செய்து பார்த்தோம். பேச்சு வரும் என்று அதற்குக் கொடுக்கும் மிளகாயைக் குறைத்தோம், துணி போட்டு மூடினோம், ரேடியோவைப் பக்கத்தில் வைத்தோம். மறக்கவில்லை. அதிலே ஒரே ஒரு வழி இருந்தது. இரண்டாவது குரல் முடிந்த கையோடு பதில் வந்துவிட்டால் அது பழம் கேட்கப் போய்விடும், மற்றதைச் சொல்லாது. தாமதித்தால் சொல்லிவிடும். ஆகவே பொழுது சாயும் நேரத்தில் வீட்டில் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். நான் இருந்தேன். வேலையிலிருந்து திரும்ப பஸ் தாமதமானால் சாலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருவேன்.

சில வருடத்தில் எனக்குக் கல்யாணமாகி சுங்கை பெசாருக்குப் போய்விட்டேன். அந்நேரம் வந்தால் அங்கே என் வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளாது. அப்பா தனியாக உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே, மனைவியின் குரலையும் அதற்குப் பின்னால் அந்த வார்த்தையையும் தினம் தினம் கேட்பார் என்று நினைத்தால் சோறு இறங்காது. ஒரு முறை தாங்க முடியாமல், யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். லயத்துக்குள் வரும்போது வீடுகளில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்வாசலை நெருங்கும்போது மைனா கூப்பிடத் தொடங்கிவிட்டது.

"பாப்பா. ஏ... பாப்பா."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து அப்பாவும், அந்தப் பக்கத்திலிருந்து அத்தையும், ஒரே நேரத்தில் "என்னம்மா" என்றார்கள்.

சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அத்தை வீட்டில் கரண்டிச் சத்தம் தொடர்ந்தது. அப்பா வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு எழுந்தார். நான் வந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றாமல் இருட்டில் அழுதுகொண்டு, அவர் கூண்டுக்குள் பழம் கொடுத்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.